தாய்மீன் கணக்கு

ஈரம் பட்ட இலுப்பைப் பிண்ணாக்குக்குத் தனி நெடி உண்டு. கசப்பும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த அந்த நெடி காற்றில் வந்தால், திருநெல்வேலிச் சீமையில் சற்று வயதானவர்களுக்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஷாம்பு பாக்கெட்டுகள் கடைகளில் தொங்காத காலத்தில், தலையில் ஊறிய எண்ணெயைப் போக்கியது இந்தப் பிண்ணாக்குத் தூள்தான். மற்றொன்று மீன்குஞ்சுப் பண்ணை. மழைக்காலத்துக்கு முன்னால் பண்ணைக் குட்டைகளில் மூட்டை மூட்டையாக இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்து இறைப்பார்கள். தலையில் நுரை கிளப்பும் சபோனின் என்ற அதே பொருள், தண்ணீரில் கரைந்தால் மீனின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஒரு ஹெக்டேர் குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் விராலும் கெளுத்தியும் சில மணி நேரத்தில் மேலே வந்து மிதக்கும். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு முறிந்துவிடும். கொன்ற பிண்ணாக்கே உரமாகிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பெருக்கும். அவற்றைத் தின்னத்தான் மீன்குஞ்சுகள் விடப்படும். இன்று பல பண்ணைகளில் அந்த இடத்துக்கு பிளீச்சிங் பவுடர் வந்துவிட்டது. இலுப்பை மரங்களும் குறைந்துவிட்டன. நெடியோடு சேர்ந்து, அந்தப் பண்ணைகளை நடத்தியவர்களின் உழைப்பும் நம் நினைவிலிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் உணவையும் குளங்களையும் மாற்றியமைத்தவர்களில் மீன்குஞ்சுப் பண்ணை மேலாளருக்கு முக்கியமான இடம் உண்டு. ஆனால் அவருடைய வேலையை எதைக் கொண்டு அளப்பது என்பதில் நாம் தொடக்கத்திலிருந்தே ஒரு பிழை செய்து வருகிறோம் என்பது என் கருத்து.

பண்ணை வருவதற்கு முன்னால் குளத்தில் மீன் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் பொருநை என்ற தாமிரபரணியின் நீரைக் கால்வாய்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று அவை வயலுக்கும் குளத்துக்கும் ஓடும்போது ஆற்று மீனும் கூடவே ஓடியது. நயினார்குளத்துக்கும் வேய்ந்தான்குளத்துக்கும் மீன்குஞ்சு விலைக்கு வாங்கி விட வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும். பிசான நெல் அறுவடை முடிந்து வெயில் ஏறும்போது தண்ணீர் வற்றும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் வலையிழுத்து முடித்த பிறகு ஊரே குளத்தில் இறங்கும். கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரால், உளுவை, விரால் என்று அவரவர் கைக்கு அகப்பட்டது அவரவர் வீட்டுக்கு. அன்று சாயங்காலம் தெருவெல்லாம் புளி கரைத்த வாசனை அடிக்கும். மண்சட்டியில் மிச்சமான குழம்பு மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கு ஆகும். இந்த ஏற்பாட்டில் மீனுக்கு விதை போட்டது ஆறு. அதற்குச் சம்பளமும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவில் தண்ணீர் தடையில்லாமல் போய்வந்த வரைக்கும் அது நடந்தது.

அரசு மீன் வளர்ப்பில் இறங்கியது பழைய கதை. 1907-இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளம் போடப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் டிரவுட் மீன் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குளிர்ந்த ஓடைகளில் விட்டார். தமிழ்நாட்டில் மீன் பொரிப்பகத்தை நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களில் அவர் முன்னோடி. ஆனால் அந்த மீன் வெள்ளைக்காரத் துரைமார்களின் தூண்டிலுக்கு வளர்க்கப்பட்டது. சமவெளிக் குளங்களுக்கு வேண்டியிருந்தது கட்லா, ரோகு, மிர்கால் போன்ற வேகமாக வளரும் கெண்டைகள். அவை கங்கைச் சமவெளிப் பெருநதிகளின் மீன்கள். குளத்துத் தண்ணீரில் அவை நன்றாக வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. வெள்ளம் புரளும் ஆறு இருந்தால்தான் முட்டையிடும். ஆகவே வங்காளத்து ஆறுகளில் வெள்ளக் காலத்தில் அள்ளிய குஞ்சுகளை மண்பானைகளில் நிரப்பி, ஹவுராவிலிருந்து ரயிலேற்றி நாடெங்கும் அனுப்பினார்கள். பானைத் தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே என்று வழி நெடுகக் கையால் அலம்பிக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். அள்ளியதில் எது கட்லா, எது ஒன்றுக்கும் உதவாத குஞ்சு என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். தெற்கே ஒரு கிராமத்துக் குளத்துக்கு இப்படி மீன் வாங்கி விடுவது எளிதாக நடக்கிற காரியமில்லை.

அந்தத் தளையை அறுத்தது 1957-ஆம் ஆண்டு ஜூலை 10. ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌதுரியும் அவருடன் பணியாற்றிய கே.எச். அலிகுன்ஹியும், கெண்டை மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை மற்றொரு கெண்டைக்கு ஊசியாகப் போட்டு, ஆற்று வெள்ளம் இல்லாமலே முட்டையிட வைத்தார்கள். 1930-களிலேயே பிரேசிலில் வேறு மீன்களில் இந்த முறை பலித்திருந்தது. இந்தியக் கெண்டைகளில் அதை நிலைநிறுத்தியது இவர்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன்வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஒரு சுரப்பியின் சாறு பெருநதியின் வெள்ளத்துக்குப் பதிலாக நின்றது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கங்கை மீனின் குஞ்சை மணிமுத்தாற்றில் வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1958-இல் மணிமுத்தாறு அணை முடிந்தது. மலையடிவாரத்தில் நல்ல தண்ணீரும் இடமும் கிடைத்த அந்த ஊரில் மீன்வளத் துறையின் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்தது. பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் அடைத்து, வாயை முறுக்கிக் கட்டி, அட்டைப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றானபோது, மண்பானை அலம்பும் வேலையும் தீர்ந்தது.

பண்ணை மேலாளரின் தொழில் என்ன என்பதை, இனப்பெருக்கக் காலத்து ஓர் இரவை வைத்துச் சொன்னால் விளங்கும். தாய்மீன் குட்டையில் வலையிழுத்து, வயிறு மென்மையாக உப்பி, கழிவாய் சிவந்திருக்கும் பெண்மீனையும், அடிவயிற்றை லேசாக அழுத்தினால் பால்போல் விந்து கசியும் ஆண்மீனையும் பொறுக்கி எடுப்பார்கள். அந்திக்கு முதல் ஊசி, கிலோவுக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் சுரப்பிச் சாறு. ஆறு மணி நேரம் கழித்து நள்ளிரவை ஒட்டி இரண்டாவது ஊசி, கிலோவுக்கு ஐந்திலிருந்து எட்டு மில்லிகிராம். அப்போதுதான் ஆண்மீனுக்கும் போடுவார்கள். அந்தச் சுரப்பியே மீன் சந்தையில் வெட்டிப்போட்ட தலைகளிலிருந்து எடுத்து, தூய ஆல்கஹாலில் போட்டுக் கருநிறக் குப்பியில் காத்தது. விடியலுக்கு முன்னால் தொட்டியில் துள்ளல் கேட்கும். மேலாளர் வெள்ளை எனாமல் தட்டில் கொஞ்சம் முட்டையை அள்ளி விளக்குக்கு நேரே பிடிப்பார். நீரை உறிஞ்சி வெந்த ஜவ்வரிசிபோல உப்பித் தெளிவாக நிற்பவை கருவுற்றவை. பால்வெள்ளையாகத் திரண்டவை செத்தவை. நூறில் எத்தனை தெளிவு என்று எண்ணிப் பார்த்தால் அந்த இரவின் பலன் தெரிந்துவிடும். பதினைந்து, பதினாறு மணி நேரத்தில் முட்டை பொரியும். மூன்றாம் நாள் குஞ்சுக்கு வாய் திறக்கும். அன்று தின்ன எதுவும் இல்லாவிட்டால் எல்லாம் வீண். 1980-களில் சீன முறை வட்டப் பொரிப்பகமும், 1990-களில் ஓவாப்ரிம் என்ற ஒற்றை ஊசி மருந்தும் பரவின. இரவு விழிப்பு குறைந்தது. தட்டை விளக்குக்கு நேரே பிடிக்கும் கண் மட்டும் இன்றும் வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நீண்ட உழைப்பு. நாற்றங்கால் குட்டையில் நீரில் மல்லாந்து நீந்தும் பூச்சிகள் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தின்றுவிடும். சோப்பையும் எண்ணெயையும் கலந்து நீரின் மேல் படலமாக விட்டு அவற்றை மூச்சடைக்கச் செய்ய வேண்டும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதியாகக் கலந்து தூவ வேண்டும். நீர்க்காகமும் கொக்கும் பகலில் வரும். பொருநைக் கரையில் நீர்நாய் இரவில் வரும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு லட்சம் நுண்மீன்குஞ்சு விட்டால் பதினைந்து இருபது நாளில் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் இளம்குஞ்சு தேறினால் நல்ல பண்ணை என்பார்கள். அது விரலளவு வளர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இந்த வேலைக்குப் படித்தவர்களை உருவாக்கியது. சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் என்று பதவி ஏறினாலும், மழை எப்போது வரும், காற்று திரும்பினால் தண்ணீர்ச் சூடு எவ்வளவு இறங்கும், எந்தத் தாய்மீன் இந்த வருஷம் ஓய்வு கேட்கிறது என்பதெல்லாம் குட்டைக் கரையில்தான் படிந்தது. பொங்கலும் தீபாவளியும் மற்றவர்களுக்கு நாள்காட்டி என்றால், பண்ணைக்காரர்களுக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் நாள்காட்டி. அவர்களில் பெரும்பாலானோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இவர்கள்மீது அடிக்கடி சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. வடநாட்டுக் கெண்டையைக் கொண்டுவந்து விட்டதால்தான் நம் நாட்டு மீன் அழிந்தது என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் முழுப் பழியையும் பண்ணையின் தலையில் போடுவது நியாயமாகாது. ஆற்றிலிருந்து குளத்துக்கு மீன் ஓடிவந்த வழி அடைபட்டதற்கும் கெட்டதற்கும் வேறு காரணங்கள் நிறைய. 1940-களில் பாபநாசம் அணை, 1958-இல் மணிமுத்தாறு, 1980-களில் சேர்வலாறு என்று மலையிலிருந்து இறங்கும் நீர் ஒவ்வொன்றாகத் தேங்கி நின்றது. வெள்ளம் வரும் மாதமும் அளவும் மாறின. மீன் முட்டையிடும் மணற்படுகைகள் லாரிகளில் ஏறிப்போயின. மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்க வேண்டிய அளவுக்கு அந்தக் கொள்ளை போயிருந்தது. வயலில் பூச்சிமருந்து, ஊரில் சாக்கடை, குளத்தில் ஆகாயத்தாமரை. இவ்வளவும் சேர்ந்து குளங்களை வெறுமையாக்கின. அந்த வெறுமையில், கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கும் கட்டுபடியாகும் விலையில் உயிர்மீன் கிடைக்கச் செய்தது பண்ணைதான். குளத்தைக் குத்தகைக்கு எடுத்த மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வருமானம் கொடுத்ததும் அதுதான். இந்த நன்றியைச் சொல்லாமல் மேலே பேசக் கூடாது.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பண்ணை நன்றாக நடக்கிறதா என்று கேட்டால், இந்த ஆண்டு எத்தனை லட்சம் குஞ்சு என்றுதான் பதில் வரும். இலக்கும் லட்சத்தில்தான், பாராட்டும் லட்சத்தில்தான், விளக்கம் கேட்டு வரும் கடிதமும் லட்சத்தில்தான். லட்சத்தை எட்டுவதற்குச் சுலபமான வழி, எளிதில் முட்டையிடும் சில தாய்மீன்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அவற்றின் பிள்ளைகளையே அடுத்த தாய்மீன்களாக வைத்துக்கொள்வது. கெண்டையோ கிலோவுக்கு லட்சக்கணக்கில் முட்டை கொடுக்கும். நாலைந்து குடும்பம் போதும், ஒரு மாவட்டத்தின் குளங்களை நிரப்பிவிடலாம். இதன் விளைவை அம்பேகர் ஏக்நாத், ரோஜர் டாயில் ஆகிய ஆய்வாளர்கள் கர்நாடகப் பொரிப்பகங்களில் கண்டறிந்து 1990-இல் வெளியிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யாமலே, தாய்மீன் எண்ணிக்கை குறைவாக இருந்ததாலும் தேர்வு முறையாலும் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தது. அப்படிப் பிறந்த குஞ்சு மெதுவாக வளரும், எளிதில் நோய்ப்படும். குத்தகைக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார், தீவனத்தைக் குறை சொல்வார். குறை குஞ்சின் பரம்பரையில் இருக்கும். இதைத் திருத்தத்தான் புவனேஸ்வரத்து மீன் ஆய்வாளர்கள் நார்வே நாட்டவரோடு சேர்ந்து, வெவ்வேறு ஆறுகளின் ரோகுவைக் கலந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து 1997-இல் ஜெயந்தி ரோகு என்ற வகையை வெளியிட்டார்கள். எத்தனை லட்சம் என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை தாய், எந்த ஆற்றுத் தாய் என்ற கேள்வி இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது சான்று இன்னும் கசப்பானது. 1952-இல் இந்தியாவுக்குத் திலாப்பியா வந்தது. வளர்ப்பது எளிது, எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பெருகும் என்று நல்லெண்ணத்தோடு கொண்டுவந்தார்கள். ஜிலேபிக் கெண்டை என்று நம் சந்தையில் பெயர் பெற்ற அந்த மீன், சொன்னபடியே பெருகியது. பெருகிப் பெருகிக் குளத்தில் இடமில்லாமல் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டது. மற்ற மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டது. இன்று தாமிரபரணியின் எந்தக் கால்வாயில் வலை போட்டாலும் அது வரும். மூன்றாவது சான்று காவிரியில் கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நீர்மின் நிறுவனத்தின் பண்ணையில் 1970-களிலிருந்து மாஷீர் மீன்களைச் செயற்கையாகப் பொரிக்கவைத்து, அழிந்துவரும் மீனைக் காப்பாற்றுகிறோம் என்ற நம்பிக்கையோடு பல மாநில ஆறுகளுக்குக் குஞ்சு கொடுத்தார்கள். காவிரியிலும் விட்டார்கள். காவிரிக்கோ திமில் மாஷீர் என்று தனக்கே உரிய ராட்சத மீன் இருந்தது. வெளியிலிருந்து வந்த மாஷீர் பெருக, சொந்த மாஷீர் அருகியது. அணை, வெடி, மாசு என்று வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் இப்படிக் குஞ்சு விட்டதை ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் திமில் மாஷீரை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிட்டது. அந்தப் பண்ணைக்காரர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய குஞ்சு எண்ணிக்கை அபாரமானது. எந்த ஆற்றுக்கு எந்தத் தாயின் குஞ்சு என்ற ஒரு கேள்விதான் விடுபட்டுப்போனது.

இந்தக் கேள்வி தாமிரபரணிக்கு மிகவும் பொருந்தும். ஏனென்றால் இந்த ஆற்றுக்கென்றே மீன்கள் இருக்கின்றன. 1954-இல் ஈ.ஜி. சைலஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதிய மீன்களை விவரித்தபோது, அவற்றில் ஒன்றுக்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்தார். இன்று அதை டாகின்சியா தாம்பிரபரணியை என்கிறார்கள். உடலில் கரும்பட்டைகளும், ஆண்மீனின் முதுகுத் துடுப்பில் இழைஇழையாக நீண்ட கதிர்களும் கொண்ட அழகான கெண்டை அது. பாறையில் ஒட்டி வாழும் கார்ரா ஜோசுவாயியையும் அதே ஆண்டில் அவர் விவரித்தார். சைலஸ் பின்னாளில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரானவர். ஆற்றின் பெயரைத் தாங்கிய அந்தக் கெண்டை இப்போது ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் திரண்டு வரும் பெரிய மீன்களை நாம் வணங்காத குறையாகப் பார்க்கிறோம். படித்துறையைத் தாண்டினால் அதே மீனினங்களுக்குக் காவல் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் பல ஆண்டுகளாக இந்த மலையாறுகளின் மீன்களை ஆராய்ந்திருக்கிறது. மணிமுத்தாற்றிலேயே அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இயங்குகிறது. அறிவு பக்கத்து ஊரில் இருக்கிறது, குட்டை இந்த ஊரில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கக்கூடியவர் பண்ணை மேலாளர் மட்டுமே. கங்கை மீனை நம் குளத்தில் வாழவைத்த கை, பொருநை மீனைப் பொருநையில் வாழவைக்கவும் பழக வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நாட்டு மீன் லாபம் தராது என்பது. கட்லாவைப்போல ஒரு வருஷத்தில் ஒரு கிலோ ஏறுகிற மீன் அவற்றில் இல்லை என்பது மெய். ஆனால் நெல்லைச் சந்தையிலோ மதுரைச் சந்தையிலோ விராலும் அயிரையும் என்ன விலைக்குப் போகின்றன என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். நாவுக்கு ருசி தெரிந்த ஊர் இது. நாட்டு மீனுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயங்காது. தின்பதற்கு உதவாத சிறிய அழகு மீன்களுக்கு வண்ணமீன் சந்தை இருக்கிறது. கேரளத்தில் மிஸ் கேரளா என்று பெயர் பெற்ற மீனை ஆற்றிலிருந்து வகைதொகையில்லாமல் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். பிறகு அங்குள்ள மீன்வளக் கல்லூரி ஆய்வாளர்கள் அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக் கற்றார்கள். அதே கேரளத்தில் மஞ்சக்கூரி என்ற கெளுத்தியையும், லேபியோ துசுமியேரி என்ற ஆற்றுக் கெண்டையையும் தேசிய மீன் மரபுவளப் பணியகமும் குமரகம் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து பொரிக்கவைத்து அவற்றின் சொந்த ஆறுகளில் விட்டன. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஊசி அதே ஊசி, தட்டு அதே தட்டு. மீனின் பருவமும் விருப்பமும் மட்டும் புதிதாகக் கற்க வேண்டியவை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. காவிரியின் கதையைச் சொன்ன வாயால் நாட்டு மீனையும் பொரித்து விடச் சொல்லலாமா, அதுவும் ஆற்றைக் கெடுக்காதா என்று கேட்கலாம். கெடுக்கும், கணக்கில்லாமல் செய்தால். எனவேதான் தாய்மீன் கணக்கை வலியுறுத்துகிறேன். விடப்போகும் ஆற்றிலிருந்தே தாய்மீன் எடுக்க வேண்டும். மரபியலாளர்கள் பொதுவாகச் சொல்வதுபோல ஐம்பது தாய்மீன்களுக்குக் குறையாமல் பயன்படுத்த வேண்டும். ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். எந்த மடுவில் பிடித்தது, யாரோடு சேர்த்தது, எங்கே விட்டது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இன்னொரு மறுப்பு, ஆறே சாக்கடையாகிக் கிடக்கும்போது குஞ்சை எங்கே விடுவது என்பது. நியாயமான கோபம். மணலும் சுத்தமான நீரும் ஓட்டமும் இல்லாத ஆற்றுக்கு எந்தப் பண்ணையும் மாற்றாகாது. ஆனால் ஆறு திருந்தும் நாளில் திரும்பிவர மீன் மிஞ்சியிருக்க வேண்டும். கடைசி ஜோடியும் போன பிறகு நீரைச் சுத்தம் செய்து பயனில்லை. மேலே காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு பக்கங்களில் இன்னும் நல்ல ஓடைகள் இருக்கின்றன. அங்கே மிஞ்சியிருப்பதைக் கண்டபடி பிடித்து அல்ல, அறிந்து, அளவோடு காப்பதுதான் இப்போதைய வேலை.

கடைசி மறுப்பு பண்ணைக்குள்ளிருந்தே வரும். மேலாளர் அரசு ஊழியர். மேலிருந்து வரும் இலக்கைத்தான் அவர் நிறைவேற்ற முடியும் என்பார்கள். சரிதான். ஆகவே மாற வேண்டியது இலக்கு. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சு விடவும் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பணத்திலும் லட்சம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், எளிதில் கிடைக்கும் கெண்டைக் குஞ்சுதான் ஆற்றில் கொட்டப்படும், புகைப்படம் எடுக்கப்படும், ஆறு எதையும் பெறாது. மாறாக, சொந்த ஆற்று மீன் எத்தனை இனம், தாய்மீன் எத்தனை, விட்ட குஞ்சில் அடுத்த ஆண்டு எத்தனை தென்பட்டது என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய திறமை நம் பண்ணைகளில் ஏற்கெனவே இருக்கிறது. நள்ளிரவு ஊசியும் விடிகாலைத் தட்டும் பழகிய தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையில் தெரிந்ததை எழுதிவைத்துக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். மணிமுத்தாறு பண்ணையில் ஒரே ஒரு குட்டையையாவது பொருநையின் சொந்த மீன்களுக்கென்று ஒதுக்கி, அதற்கொரு தாய்மீன் பதிவேட்டை இந்தப் பருவமழைக்கு முன்பே திறக்க வேண்டும் என்று மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். குளத்துக்கு மீன் கொடுத்த ஆற்றுக்கு நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அது.